வெளியே போகிறோம் என்று சொன்னவர்கள்

ஜனவரி 12, 1976, திங்கள்

வடகிழக்குக் காற்று, பலமாக. பனித்தூள். பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.

காலை ரேடியோவில் பிரதமர். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நம் காவல் கப்பல்களை முட்டுவதை நிறுத்தாவிட்டால், ஐஸ்லாந்து இந்த ராணுவக் கூட்டணியில் இருக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டி வருமாம். யோசிக்க வேண்டி வருமாம்! கூட்டணியில் நாமும் இருக்கிறோம், அவர்களும் இருக்கிறார்கள். நம் கடலில் வந்து மீனை அள்ளுகிறவர்களும் அவர்களே, தடுக்கப் போனால் இரும்பு மூக்கால் இடிக்கிறவர்களும் அவர்களே. இதற்குப் பெயர் பாதுகாப்பு. 1949-இல் நான் கத்தினதை இன்று இந்த மனிதர் பல் வலிக்கிறவரைப் போல முனகுகிறார்.

ஏழு மணிக்கு நீச்சல்குளம். வெந்நீர்த் தொட்டியில் எல்லாரும் கழுத்தளவு தண்ணீரில் இதைத்தான் பேசினார்கள். தலையில் பனி, வாயில் அரசியல். பேக்கரி பெர்கூர், "தோர்ஃபி, உன் நாள் வந்துடுச்சு!" என்று என் முதுகில் தட்டினான்.

அப்போது எதிர் மூலையிலிருந்து என் தம்பி ஃபின்போகி வாயைத் திறந்தான். என்னிடம் அல்ல. அவனும் நானும் இருபத்தேழு வருஷமாக நேராகப் பேசியதில்லை. தொட்டியில் அவனுக்கு அந்த மூலை, எனக்கு இந்த மூலை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற பெர்கூரிடம் சொல்வோம்.

"பெர்கூர், நான் சொல்றேன் கேட்டுக்க. இந்தக் கூட்டணியை விட்டு வெளியே வந்துடணும். இன்னிக்கே."

அவன் சொல்கிறான். அவன்!

ஜனவரி 13, செவ்வாய்

காற்று அதே. ராத்திரி முழுக்க அதையே நினைத்துப் பற்களைக் கடித்து, பின்பல் ஒன்று ஆடுகிறது. அவனால்தான்.

ஜனவரி 15, வியாழன்

தென்மேற்கு, மிதமானது. ஈரப்பனி. வியாழக்கிழமைகளில் நாடு முழுக்கத் தொலைக்காட்சி கிடையாது. என் மனைவி ஹெர்டிஸ் கம்பளிக் கையுறை பின்னுகிறாள், நான் இதை எழுதுகிறேன்.

அவன் மகன் கோல்பெய்ன் காவல் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். போன வாரம் முட்டு வாங்கியது அவன் கப்பல். அதனால்தான் தம்பிக்கு ஞானம் பிறந்திருக்கிறது. பிள்ளை மேல் இடித்தால்தான் புத்தி வருமா? நாட்டை விற்றபோது அது எங்கே போயிருந்தது?

1949 மார்ச் 30. நாடாளுமன்றத்துக்கு முன்னால் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர். மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் கூட்டணியில் கையெழுத்துப் போடாதே என்றோம். உள்ளே கட்சித் தொண்டர்கள், கையில் பட்டையும் தடியுமாக. அதில் ஒருவன் ஃபின்போகி. கல் பறந்தது, ஜன்னல் உடைந்தது, கண்ணீர்ப் புகை வந்தது. பிறகு கோர்ட்டில் அவன் எழுந்து நின்று, "மூணாவது ஜன்னல்ல கல்லெறிஞ்சது என் அண்ணன். என் கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்தான். எனக்குத் துறைமுக வேலை போயிற்று. ஓட்டுரிமை போயிற்று. பின்னால் மன்னித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். யார் கேட்டார்கள் அவர்கள் மன்னிப்பை? இன்றுவரை நான் ஓட்டுப் போடவில்லை.

ஹெர்டிஸிடம் சொன்னேன்: "அவன் இருக்கிற தொட்டிக்கு இனிமே நான் போக மாட்டேன்."

"சரி. துண்டை எடுத்து உள்ள வெச்சுடட்டுமா?"

"இரு, பார்க்கலாம்."

"பிரதமரும் இதையேதான் சொல்றாரு."

இந்த வயதில் இவளுக்கு இந்த வாய்.

ஜனவரி 21, புதன்

வடக்கு, லேசானது. தெளிவு.

நான் முட்டாள். எழுதியே வைக்கிறேன், நான் முட்டாள்.

என் தம்பி மறுபடியும் கூட்டணியைத் திட்டினான். தொட்டியே அவனுக்குத் தலையாட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. "பெர்கூர், உன் அந்தப் பக்கம் இருக்கிறவர்கிட்ட கேளு. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ற பழக்கம் இன்னும் இருக்கா?" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. வெந்நீரால் அல்ல. "பெர்கூர், உன் இந்தப் பக்கம் இருக்கிறவர்கிட்ட கேளு. கல்லு தானா பறந்துச்சா?"

பெர்கூர் இருபுறமும் திரும்பித் திரும்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, என்னை விடுங்கப்பா. தோர்ஃபிகிட்டதான் நாட்குறிப்பு இருக்கே! என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு மழை எப்ப விட்டுச்சுன்னு அதைப் பார்த்துதானே சண்டையைத் தீர்த்தோம். 1949 நோட்டைக் கொண்டு வா. அதுல என்ன இருக்கோ அதுதான் தீர்ப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மார்பை நிமிர்த்தி, "ஐம்பத்தோரு வருஷமா எழுதறேன். பார்க்காத காத்தை ஒருநாளும் எழுதினதில்ல. கொண்டு வரேன்" என்றேன்.

சொல்லிவிட்டு, தண்ணீரிலிருந்து எழுந்து, உடை மாற்றும் அறையில் ஒரு காலைக் காலுறைக்குள் விட்டபோதுதான் உறைத்தது.

ஜனவரி 22, வியாழன்

காற்றில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, அப்போது நன்றாக இருந்திருக்கிறது.

"மார்ச் 30. தென்கிழக்கு, மிதமானது. மேகம். மதியத்துக்குப் பிறகு சதுக்கம். ஒரு கல் எறிந்தேன், இடமிருந்து மூன்றாவது ஜன்னல் உடைந்தது. ஃபின்போகி உள்ளே நின்றான், முதுகு இந்தப் பக்கம். என்னைப் பார்க்கவில்லை."

அதுதான். அதுதான் உண்மை. எறிந்தது நான். ஆனால் அவன் பார்க்கவில்லை! முதுகைக் காட்டி நின்றவன் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தான். அது பொய்ச் சத்தியம் இல்லையா? நான் எறியவில்லை என்று ஒருநாளும், ஒருவரிடமும் சொன்னதில்லை. கோர்ட்டில்கூட எறிந்ததைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "அவன் பார்க்கவில்லை" என்று மட்டும்தான் சொன்னேன். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. தப்பே செய்யாதவன் தண்டனை வாங்கினான் என்று ஊர் சொன்னது. நான் திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை?

பக்கத்தைக் கிழித்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தப்பாகக் குறித்த காற்றைக்கூட நான் அடித்துத் திருத்தியதில்லை.

ஹெர்டிஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நான் மூடினேன்.

"மூடாதீங்க. அன்னிக்கு உங்க கோட்டுப் பையில இருந்த மண்ணை உதறினதே நான்தான்."

இருபத்தேழு வருஷம். ஒரு வார்த்தை கேட்டதில்லை இவள்.

ஜனவரி 23, வெள்ளி

தெற்கு, லேசானது. குளத்துக்குப் போகவில்லை. இருமல் என்று பெர்கூருக்குச் சொல்லி அனுப்பினேன். இருமல் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

கிழக்கு, புயல். மீன் உலர்த்தும் மரச்சட்டங்கள் இரண்டு சாய்ந்துவிட்டன என்று ரேடியோ.

பிரிட்டனுடன் தூதரக உறவை முறித்தாயிற்று. நல்லது. கூட்டணி? அதைப் பற்றி மூச்சில்லை. தூதரைத் துரத்துகிறவனுக்குக் கையெழுத்தை அழிக்கத் துணிவில்லை. போகிறேன் போகிறேன் என்று வாசலில் நின்று செருப்பை மாட்டிக் கழற்றுகிறவன் எங்கும் போக மாட்டான். அந்த மிரட்டல் மீனுக்குப் பேரம். நாளை மீன் கிடைத்துவிட்டால் செருப்பு உள்ளே போய்விடும்.

தொட்டிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆயிற்று. "நோட்டு எங்க?" என்று தினமும் கேட்கிறார்கள். பரணில் தேடுகிறேன் என்கிறேன். ஃபின்போகி கேட்பதில்லை. நீராவிக்குள்ளிருந்து பார்க்கிறான். அதுதான் எரிச்சல்.

மார்ச் 30, செவ்வாய்

தென்மேற்கு. ஆலங்கட்டி. எழுத ஒன்றுமில்லை.

மே 7, வெள்ளி

வடமேற்கு, குளிர்.

கோல்பெய்ன் கப்பலை மறுபடி முட்டிவிட்டார்கள். இந்தத் தடவை எஞ்சின் அறையில் ஒரு குழாய் கழன்று அவன் கைமேல். மூன்று விரல் நொறுங்கிவிட்டது. விமானத்தில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். ஹெர்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் வருகிறீர்களா என்று கேட்கவில்லை. போனேன்.

மே 9, ஞாயிறு

காற்று மாறி மாறி.

இன்றும் போனேன். உலர்ந்த மீனும் வெண்ணெயும் ஹெர்டிஸ் கட்டிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லையாம். ஃபின்போகி ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் கதவோரம். நடுவில் கட்டில். பெர்கூர் இல்லாத குறைக்குப் பிள்ளை.

"பெரியப்பா," என்றான் கோல்பெய்ன், "அடுத்த வாரம் விசாரணை. சாட்சி சொல்லணும். போர்க்கப்பல் வேணும்னே திரும்பி வந்து முட்டுச்சுன்னு நான் பார்த்ததாச் சொல்லச் சொல்றாங்க எங்க ஆளுங்க. கட்டுப் போட்ட கையோட நான் சொன்னா எடுபடுமாம்."

"பார்த்தியா?"

"எங்க பார்க்கிறது? கீழே எஞ்சின் அறையில இருந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு. ஆனா வேணும்னுதான் முட்டினாங்க பெரியப்பா. எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு என்ன வந்ததோ. நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். "தெரியும்ங்கிறது வேற, பார்த்தேன்ங்கிறது வேற! முட்டினது உண்மையாவே இருக்கட்டும். அவனுக நாசமாப் போகட்டும். ஆனா நீ பார்க்கல. பார்த்தேன்னு சொன்னா, அந்த உண்மையும் உன் வாயில பொய்யா மாறிடும். அப்புறம் அதை யாராலயும் திருப்பி உண்மையாக்க முடியாது!"

ஃபின்போகி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. அன்று நின்ற மாதிரியே முதுகு இந்தப் பக்கம். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்:

"பெரியப்பா சொல்றதைக் கேளு."

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினேன். வயது.

மே 15, சனி

மேற்கு, லேசானது. நடக்க நல்ல நாள்.

அமெரிக்கப் படைத்தளத்தின் வாசலிலிருந்து ஊர்வரை ஊர்வலம், ஐம்பது கிலோமீட்டர். கூட்டணி வேண்டாம், படை வேண்டாம். எழுபத்து நாலு வயதில் முழுசும் முடியாது. பாதி வழியில் சேர்ந்துகொண்டேன். எரிமலைக் குழம்பு உறைந்த மேட்டில் ஃபின்போகி உட்கார்ந்து காலணியிலிருந்து கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் ரோட்டின் இந்த ஓரம், அவன் அந்த ஓரம். நடுவில் கொடி பிடித்த பிள்ளைகள். அப்படியே ஊர்வரை.

விசாரணையில் கோல்பெய்ன், "நான் கீழே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை" என்று சொன்னானாம். கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் அவனோடு காபி குடிப்பதில்லையாம். கட்டுப் போட்ட கையோடு அந்தப் பிள்ளையால் முடிந்தது.

எனக்கு என்ன கேடு?

ஜூன் 2, புதன்

நேற்று கையெழுத்தாகிவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் நம் இருநூறு மைல் எல்லையை ஒத்துக்கொண்டார்கள். கொஞ்சம் படகுகள், கொஞ்ச மாதங்கள், அப்புறம் போய்விட வேண்டும். ஜெயித்துவிட்டோம்.

தொட்டியில் கொண்டாட்டம். பெர்கூர் எல்லாருக்கும் முறுக்கின ரொட்டி கொண்டுவந்திருந்தான். காவலாளி தண்ணீரில் துணுக்கு விழக்கூடாது என்று கத்தினான்.

"கூட்டணி என்னாச்சு?" என்றேன்.

"இனிமே எதுக்கு வெளியே போகணும் தோர்ஃபி? மீன்தான் கிடைச்சாச்சே!"

"இருபத்தேழு வருஷமா நான் மீனுக்காகவா கத்தினேன்?"

"அட, இன்னிக்காவது சிரியேன்!"

ஜனவரியில் வெளியேறு வெளியேறு என்ற ஒன்பது தலைகளும் தலையாட்டின. செருப்பு உள்ளே போயாயிற்று. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். மீனுக்கு விலையாகக் கொடுக்கத்தான் இந்தப் பேச்சை எடுத்தீர்கள், உங்களில் ஒருவனுக்கும் முதுகெலும்பு கிடையாது என்றேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாதது.

"பெர்கூர்," என்றான் ஃபின்போகி மூலையிலிருந்து, "நான் இன்னும் வெளியே வரணும்னுதான் சொல்றேன். மீன் கிடைச்சாலும்."

ஒருவன். அதுவும் அவன்.

1949 நோட்டைத் துண்டில் சுற்றிக் கரையில் வைத்திருந்தேன். எடுத்தேன். ஈரக்கை என்றுகூடப் பார்க்காமல் பெர்கூரைத் தாண்டி நீட்டினேன். "மார்ச் 30. சத்தமாப் படி" என்றேன். நேராக. அவனிடம்.

அவன் கண்ணாடி இல்லாமல், நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தான். தென்கிழக்கு, மிதமானது என்பதிலிருந்து கடைசிவரை. கல் எறிந்தேன் என்ற இடத்தில் பெர்கூர், "அப்போ நீதானா!" என்றான். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள்.

"முதுகு இந்தப் பக்கம்," என்று ஃபின்போகி கடைசி வரியை இரண்டாம் முறை படித்தான். பிறகு நோட்டை மூடினான். "ஆமா. நான் பார்க்கல. கண்ணாடி உடைஞ்ச சத்தம்தான் கேட்டுச்சு. அவ்வளவு தூரத்திலிருந்து மூணாவது ஜன்னலைக் குறி பார்த்து அடிக்கிற கை யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அதே கையால நீ எத்தனை கடற்பறவையை விரட்டியிருப்பே. தெரியும்னு சொல்லியிருக்கணும். பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

"கோர்ட்டுல."

"கோர்ட்டுலதான். சத்தியம் பண்ணி."

நான் மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், மன்னிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பெர்கூர் மட்டும், இனிமே நடுவுல உட்கார வேண்டியதில்லையா என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். அந்த இடம் காலியாகவே இருந்தது. காவலாளி விசில் ஊதும்வரை நாங்கள் இருவரும் பிரதமரைத் திட்டினோம்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்த பிறகுதான் கவனித்தேன். இன்று காற்றைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து பார்க்கலாம், ஆனால் காலைக் காற்று போய்விட்டது.

போன் செய்தேன். வடக்கு, லேசானது என்கிறான் ஃபின்போகி. எழுதிவிடுகிறேன்.

வடக்கு, லேசானது.