சூரியன் சாம்பலை எங்கே கொட்டுகிறது?

கோயமுத்தூர், 1939

ஏனுங்க,

உங்களை நான் கூப்பிட்டதெல்லாம் இப்படித்தானே. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகியும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ஒரு நல்ல சேதி. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். சூரியன் எரியவில்லையாம்.

என் அண்ணன் காரமடையிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? சூரியன் ஒரு பெரிய நெருப்புக் கோளம் என்று பள்ளிக்கூடத்தில் நான் நடத்தும் பாடத்தை அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மில்லில் பாய்லருக்குக் கரி போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். "எரிஞ்சா சாம்பல் விழுகோணுமே அம்மணி. நாங்க தினமும் கூடை கூடையா அள்றோம். சூரியன் எங்க கொட்டுது?" என்றீர்கள்.

"பாய்லர்காரருக்குச் சூரியனும் பாய்லர்தானுங்க" என்றேன். அண்ணன் புரையேறச் சிரித்தார். நீங்களும் சிரித்துவிட்டு ரசம் கேட்டீர்கள். மனசு வலித்ததா? ஊரார் பேச்சைத் தள்ளி என்னை டீச்சர் ட்ரெயினிங் படிக்கவைத்ததே நீங்கள். அந்தப் படிப்பை வைத்துத்தான் உங்களைக் கேலி செய்தேன். பதில் தெரியாமல்தான் கேலி செய்தேன் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் தலைமை ஆசிரியை, சூரியனைப் பற்றிக் கட்டுரை வந்திருந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை கொடுத்தார். சாம்பல் ஞாபகத்தில் உடனே புரட்டினேன். சூரியனின் நடுவே அவ்வளவு சூடு, அவ்வளவு நெருக்கம். அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நான்கு, பல படிகள் தாண்டி, ஒரு ஹீலியமாகச் சேர்கின்றனவாம். சேர்ந்தபின் எடை துளி குறைகிறது. குறைந்த அந்தத் துளிதான் நமக்கு வெயில். மற்ற நட்சத்திரங்களும் இப்படித்தான் ஒளி தருகின்றன. நீங்கள் தேடிய சாம்பல் அந்த ஹீலியம்தான். சூரியன் அதை எங்கும் கொட்டுவதில்லை, உள்ளேயே வைத்துக்கொள்கிறது.

நேற்று வகுப்பில், "நான் நடத்தியது தப்பு. சாம்பல் எங்கே என்று ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை" என்றேன்.

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "கேட்டது ஆருங்க டீச்சர்?"

"எங்க ஊட்டுக்காரர் கண்ணு."

"அவரு பேரு என்னங்க?"

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. உங்கள் சாவைப் பதியும்போதுகூட அண்ணன்தான் சொன்னார். சாக்பீஸை எடுத்து, 'சூரியன்' என்ற தலைப்புக்குக் கீழே எழுதினேன். பலகையில் எதை எழுதினாலும் சேர்ந்து வாசிப்பது அந்தப் பெண்களின் பழக்கம். நாற்பது பேரும் உங்கள் பெயரை உரக்க வாசித்தார்கள். சாக்பீஸ் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

படிக்கவைத்ததற்கும், அந்தக் கேள்விக்கும், அன்றைக்குக் கோபிக்காமல் ரசம் கேட்டதற்கும் ரொம்ப நன்றிங்க. இருந்தபோது ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷமும் இந்தப் பாடம் வரும். சாம்பல் கேள்வியில்தான் தொடங்குவேன். கேட்டது யார் என்று எவளாவது எழுந்து கேட்பாள். அப்போது எழுதிக் காட்ட மாட்டேனுங்க, வாயால் சொல்வேன்.

உங்கள் ஊட்டுக்காரி,
அம்மணி