சரோஜா தொட்டி

பாசமும் எரிச்சலும் சரிபாதியாக என்னிடம் வாங்கிக்கொண்ட என் சரோஜாக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். பொறாமைப்படக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அம்மன் திருவிழாவுக்கு நம் ஹந்தானைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கரகம் பாலிக்க எப்போதும் கீழே ஆற்றுக்குத்தானே போவோம்? இந்தத் தடவை தப்புச் சத்தம் மேட்டுப் பக்கம் ஏறியது. என்னடா இது, ஆட்கள் வழி மாறிப் போகிறார்களா என்று மூச்சு வாங்கப் பின்னாலேயே ஏறினேன். லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், நீ கட்டிய கல் தொட்டிக்குப் பக்கத்தில் கும்பத்தை இறக்கி, அந்தத் தண்ணீரை மொண்டு கரகம் கட்டினார்கள்.

பூசாரி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார், “இனிமே சரோஜா தொட்டித் தண்ணிதாங்க அம்மனுக்கு.” எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது அக்கா. நீ ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை மாட்டியவள். நான் டிப்ளோமா முடித்து, கண்டி ஆபீசில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இழுக்கும் டெக்னிக்கல் ஆபிசராக இத்தனை வருசமாக இருக்கிறவள். என் பெயரில் ஒரு பைப் உண்டா? உனக்கு மட்டும் அம்மனே தண்ணீர் எடுக்க மலை ஏறுகிறாள்.

எல்லாம் அந்தத் திருகோணமலைப் பயணத்தில் ஆரம்பித்த வினை. லயத்து ஆட்களோடு பஸ் பிடித்துக் கோவிலுக்குப் போனோமே. ஹபரணை தாண்டி ஒரு பழைய குளக்கட்டு ஓரமாக, சோறு சாப்பிட பஸ்ஸை நிறுத்தினார்கள். கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. கட்டின் உள்பக்கச் சரிவில், பெரிய பெரிய கற்களை அடுக்கிச் சதுரமாக ஒரு கிணறு மாதிரி தெரிந்தது. நாங்கள் மரத்தடியில் சோத்துப் பார்சலைப் பிரித்தோம். நீ உன் பார்சலை என் மடியில் போட்டுவிட்டு, அங்கே போய்க் குந்திக்கொண்டாய்.

குளத்துக் காவலாளியை நீ விடவில்லை. மலையில் வேலை செய்து பழகிய சிங்களத்தில் கேள்விக்கு மேல் கேள்வி. அவரும் சலிக்காமல் சொன்னார். இதற்குப் பெயர் பிசோகொட்டுவ, ஆயிரம் வருசத்துக்கும் மேலே பழசு. குளத்துத் தண்ணீர் அத்தனை பாரத்தோடு நேராக வெளியே பாய்ந்தால் குளக்கட்டையே பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் இந்தக் கல் தொட்டிக்குள் விழுந்து, வேகம் அடங்கி, பிறகுதான் வயலுக்குப் போகும்.

எனக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. அந்தக் காலத்து ஆட்கள் அவ்வளவு பெரிய குளங்களை நம்பிக் கட்டியதே இந்தத் தொட்டியைக் கண்டுபிடித்ததால்தான் என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். படம் வரைந்து முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அதனால் எட்டிக்கூடப் பார்க்காமல் பருப்பையும் சோற்றையும் பிசைந்துகொண்டிருந்தேன்.

இதை யார் நினைத்தது என்று நீ கேட்டாய். காவலாளி ஒரு ராசாவின் பெயரைச் சொன்னார். நீ விடுவாயா? “ராசாவா தண்ணிக்குள்ள எறங்கி கல்லு வச்சாரு? இத நெனச்ச ஆளு பேரு என்னா?” என்று தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. படித்த புத்தகம் எதிலும் அந்த ஆளின் பெயர் இல்லை.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாசம் இருக்கும். நீ கண்டிக்கு என் வீட்டுக்கு வந்தாய். நம் கீழ் லயத்துப் பைப் கதை உனக்குத் தெரியாததா? மேலே ஊற்று, கீழே லயம், நடுவில் செங்குத்தாக ஒரே பைப். மழைக்காலத்தில் ஊற்று பெருகும். எல்லாரும் பைப்பை மூடிவிட்டுப் படுத்தால், அத்தனை பாரமும் அடியில் வந்து உட்கார்ந்து, விடியும்போது ஏதாவது ஒரு மூட்டு வெடித்திருக்கும். மாரி முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்துகொண்டே குடிக்கத் தண்ணீர் இல்லாத லயம் அது. நான் மூன்று தடவை வால்வு மாற்றினேன். இன்னும் தடித்த பைப் போட்டேன். அதுவும் வெடித்தது.

பாதி மலையில் ஒரு கல் தொட்டி கட்டி, பைப்பை அதற்குள் கொட்டவிட்டு, அதிலிருந்து இன்னொரு பைப்பை எடுத்தால் என்ன என்று நீ கேட்டாய். அந்த நிமிசம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது அக்கா. இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். மலையில் பைப் இழுக்கிறவர்களுக்கு இது பாலபாடம். நான் மார்க் வாங்கிய பாடம். என் சொந்த லயத்துக்கு அது என் புத்தியில் ஏறாமல், ஒரு சோத்துப் பார்சல் நேரத்தில் உன் புத்தியில் ஏறிவிட்டதே என்று பற்றிக்கொண்டு வந்தது. “அக்கா, இதெல்லாம் ஒனக்கு வெளங்காது” என்று சொல்லித் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

நீ சண்டை போடவில்லை. அடுத்த பௌர்ணமிப் போயா லீவு அன்று லயத்து ஆட்களைக் கூட்டி, சிரமதானம் என்று சொல்லி, இடிந்துபோன பழைய பங்களாவின் கல்லைச் சுமந்து கட்டிமுடித்துவிட்டாய். நான் என்ன செய்தேன்? தங்கச்சி செய்கிற காரியமா அது? ஆபீஸ் தலைப்புத் தாளில், சிங்களத்தில், தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கடிதம் அடித்தேன். தண்ணீர்ப் பைப்பில் அனுமதியில்லாமல் கட்டிய தொட்டியைப் பதினான்கு நாளுக்குள் உடைக்க வேண்டும் என்று. சட்டப்படி சரியான கடிதம். சட்டம் எனக்குச் சாக்காக வந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ, தோட்டத்து ஆபீசில் உன் கையில் கொடுத்த அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். உனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசித்துச் சொல் என்றாய். ஒரு வரி விடாமல் சொன்னேன். யார் கையெழுத்து என்று கேட்டாய். ஆபீசில் யாரோ ஒருவர் என்றேன். நீ தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தாய்.

“ஏன்டி விஜி, சின்னப் புள்ளையில என் சம்பளத் துண்டுக்குப் பின்னால போட்டுப் போட்டுப் பழகுன கையெழுத்துத்தானே இது? எனக்கு அடையாளம் தெரியாதா?”

நீ கதிரையை விட்டு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாய். “பதினாலு நாள் குடுத்திருக்க. மழைக்கு ஒரு வாரந்தான் இருக்கு. மொதல்ல அது வந்து சொல்லட்டும்” என்றாய். திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போனாய்.

மழை வந்தது. அந்த வாரம் முழுக்க, உடையட்டும், உடையட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமி இந்த வேண்டுதலைக் கேட்கும்? ராத்திரி முழுக்கக் கொட்டிய ஒரு நாள், விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஹந்தானைக்கு வந்தேன். கீழ் லயத்துப் பீலியில் தண்ணீர் அடக்க ஒடுக்கமாக விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கடிதத்தின் ஆபீஸ் பிரதியை ஃபைல் கட்டின் அடியில் போட்டுவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நீயும் கடைசிவரை பேசவில்லை. ஏன் பேசவில்லை அக்கா? என்னை மன்னித்தாயா, இல்லை இவளோடு என்ன பேச்சு என்று விட்டுவிட்டாயா?

இனி நீ போன பிறகு நடந்த கதையைக் கேள். பன்விலைப் பக்கம் நான்கு தோட்டங்களில் இதே வெடிப்பு. ஆபீசில் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். “மிஸ், ஹந்தானையில் நீங்கள் செய்த தொட்டி நல்லா வேலை செய்யுதாமே, அதையே இங்கேயும் போடுவோம்” என்று சிங்களத்தில் சொன்னார். நீங்கள் செய்த. நான் வாயைத் திறந்து மறுத்தேனா? இல்லை. பிளான் வரைந்தேன். மூலையில் வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை அடித்தேன். நீ இல்லை, கேட்க ஆள் இல்லை. சொன்னால் வெட்கக்கேடு, ஒரு மாசம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ராசாக்களையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் பெயர் ஆயிரம் வருசமாகக் குளங்களில் நிற்கிறது. அந்தக் கல் தொட்டியை நினைத்த மனுசன், ஒருவேளை மனுசி, யாரோ. யாரும் அவர்கள் பெயரைத் தேடி அழவில்லை. வயலுக்குத் தண்ணீர் போகிறது, அது போதும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ராசாவாக இருப்பது அவ்வளவு சுலபம் அக்கா. சும்மா இருந்தாலே போதும்.

நேற்று பன்விலையில் கூட்டம். கோவில் மண்டபத்தில் கொழுந்துக்காரப் பெண்கள் நிறையப் பேர், மலையிலிருந்து இறங்கி அப்படியே வந்திருந்தார்கள். பிளானைச் சுவரில் மாட்டி விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். உன் வயது இருக்காது, உன் உடம்புவாகு. “வால்வு மாத்துறேன், மாத்துறேன்னுதான் எல்லா ஆபீசரும் வந்தாங்க. இத யாருங்க நெனச்சது?” என்று கேட்டாள்.

எத்தனையோ பதில் கையில் இருந்தது. ஆபீஸ் என்று சொல்லலாம். அந்தக் காலத்து ஆட்கள் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. திருவிழாவன்று எரிந்த வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. என்ன நடந்ததென்று தெரியவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“எங்க அக்கா. ஹந்தானையில கொழுந்து எடுத்தவங்க. நான் அத ஒடைக்கச் சொல்லி லெட்டர் போட்டேன்.”

என்னைக் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், உண்மையைச் சொன்ன நல்ல மிஸ் என்று நாலு பேராவது மெச்சுவார்கள் என்றும், சொல்லாமல் என்ன, நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. என்னை யாரும் பார்க்கவே இல்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நம்ம மாதிரி கொழுந்து எடுத்தவளாம் என்று ஒரு கிசுகிசு வரிசை வரிசையாகப் போனது. எழுந்து நின்றவள் கேட்டாள், “அப்ப அவங்களயே கூட்டிட்டு வாங்களேன். அவங்க நின்னு பாத்தா எங்களுக்கும் தைரியமா இருக்கும்.”

நீ இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்குள் அழுதுவிட்டேன். உன் சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அந்தப் பெண்கள் என்னைச் சுற்றி நின்று முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அழுதுகொண்டே ஒன்று தோன்றியது, சொன்னால் சிரிப்பாய். இப்போதும் இவர்கள் உனக்காகத்தான் என்னைத் தடவுகிறார்கள்.

இன்று காலை பிளானில் அந்த மூலைக் கட்டத்தை மாற்றி அடித்துவிட்டேன். பெரியவர் உன் பெயரைப் படித்துவிட்டு, இது யார், எந்த ஆபீஸ் என்று கேட்டார். கீழ் லயம் என்றேன்.

திங்கட்கிழமை பன்விலையில் முதல் கல் வைக்கிறார்கள். நான் போகிறேன். தொட்டி கட்டும் ஒவ்வொரு நாளும் போவேன், யார் கேட்டாலும் உன் பெயரைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். பொறாமை விட்டுப்போன பிறகு சொல்கிறேன் என்றால் அது என் ஆயுசுக்கும் நடக்காது. அதனால் வயிறு எரிய எரியவே சொல்கிறேன்.

நீ அங்கே போன பிறகும் உன்னை ஜெயிக்க முடியாத,
உன் ஒரே தங்கச்சி,
விஜி