நேர் விமானம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் தரையில் நலம். நீங்கள் தண்ணீரின் மேல் நலமாகத்தான் இருப்பீர்கள். கப்பல் கிளம்பியதைத் துறைமுக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மேல்தளத்தில் வரிசையாக நின்று எல்லோரும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் நீங்கள் இருந்தீர்களா என்று தெரியவில்லை. நான் யாருக்கும் கையாட்டவில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். கரையை விட்டதுமே உங்கள் போன் அடங்கிவிட்டது. கடலுக்குள் பேசத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள், கொள்ளை, கட்டவில்லை என்று முன்னாலேயே செய்தி அனுப்பியிருந்தீர்கள். ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் புகுந்து எனக்கு விளக்கம் கொடுப்பீர்கள். கடிதத்தில் அது முடியாது. நாளைக்குக் கப்பல் நிற்கப்போகும் தீவுக்கு, கப்பல் ஏஜெண்ட் ஆபீஸின் சரக்குப் படகு ஒன்று விடியும்போது போகிறது. ஆளை ஏற்றாதாம், தபால் பையை ஏற்றுமாம். அதில் இதைப் போடுகிறேன். கூடவே உங்கள் பிரஷர் மாத்திரை. நீங்கள் எடுத்துப்போனது நேற்றோடு தீர்ந்திருக்கும், இன்றைக்குப் போட்டிருக்க வழியில்லை. டப்பா என் கைப்பையில் இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் முந்தாநாள் கிளம்பி, நடுவில் எங்கும் இறங்காமல், துறைமுகத்துக்கு அருகே இருக்கும் விமான நிலையத்தில் நேற்று இறங்கினீர்கள். ஓட்டலில் குளித்தீர்கள், தூங்கினீர்கள், இன்று நிதானமாகக் கப்பல் ஏறினீர்கள். என் பயணத்தை நேற்று மாலைக்கு வைத்தீர்கள். எனக்கு இரண்டு விமானம், இரண்டு கம்பெனி, இரண்டு தனித்தனி டிக்கெட். “நேர் விமானம் வாரத்துல ரெண்டு நாள்தான் இருக்கு, முதல் நாள்ல உன்னை அனுப்பினா அங்க தனியா கிடந்து தவிப்பே” என்று சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன்.

நடுவில் இறங்கிய ஊரில் அந்த இரண்டு கம்பெனிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பெட்டியை நானே உருளும் பட்டையிலிருந்து எடுத்து, வெளியே வந்து, அடுத்த கம்பெனியின் வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமாக இறங்கியது. கவுண்டரில் இருந்த பெண் மூடுகிற நேரம். “மேடம், நீங்க லேட்டா வந்தா அது எங்க பொறுப்பு இல்லை, அது வேற டிக்கெட்” என்றாள். அவள் சொன்னது சரி. கெஞ்சினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே பெட்டியை வாங்கினாள். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கோட், உங்கள் இரண்டு ஜோடி ஷூ. நேர் விமானத்தில் எடை அதிகம் விடுவார்கள் என்று பெரிய பெட்டியில் என் துணிமணி முழுவதையும் அடைத்து நீங்கள் கொண்டுபோனீர்கள். இடம் போதாமல் உங்கள் கோட்டை என்னிடம் தள்ளினீர்கள். மூட்டு வலியோடு நான் ஓடிய ஓட்டம் எல்லாம் உங்கள் ஷூவுக்காக.

அடுத்தது, இரண்டாவது விமானம் என்னை இறக்கிய விமான நிலையம். நெற்றியில் நகரத்தின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல். நகரமும் இல்லை, கடலும் இல்லை, கடல் வாசனைகூட இல்லை. துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று பஸ் டிரைவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “அம்மா, துறைமுகத்துக்குன்னா நீங்க இன்னொரு ஏர்போர்ட்ல இல்ல இறங்கியிருக்கணும்? பேரைப் பார்த்து டிக்கெட் எடுத்துட்டாங்களா?” என்றார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இன்னொரு ஏர்போர்ட் நீங்கள் இறங்கியது. உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கு டிக்கெட் எடுக்கும்போது மட்டும் பெயர் போதுமானதாக இருந்திருக்கிறது.

பஸ் ஒவ்வொரு கிராமத்திலும் நின்றது. பக்கத்தில் இருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை முன் இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். நகத்தைக் கடித்துக் கீழே துப்பினார். அந்த நாற்றத்தோடு ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் கப்பலில் ஏறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. நேரத்துக்கு வர முடியாது போலிருக்கிறது என்றேன். டிரைவரை வேகமாகப் போகச் சொல் என்றீர்கள். “இன்னும் நேரம் இருக்கு, நீங்க இறங்கிடுங்க, ரெண்டு பேரும் அடுத்த ஊர்ல போய் ஏறிக்கலாம்” என்றேன். கொஞ்ச நேரம் மென்றீர்கள். பிறகு நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “நான் இறங்கினா ரெண்டு பேரோடதும் வீண். இப்போ ஒருத்தரோடது மட்டும்தான் வீண்.”

இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவர்களின் ஆபத்தை அளந்தவர் நீங்கள். அந்தக் கணக்கில் தப்பே கிடையாது. அதனால்தான் அதற்கு மேல் கேட்கச் சகிக்காமல் போனை வைத்தேன்.

துறைமுகத்தில் நான் நுழையும்போது கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். கப்பல் இன்னும் கிளம்பவில்லை. ஏணியைக்கூட எடுக்கவில்லை. ஆனால் ஆளை ஏற்றும் நேரம் முடிந்துவிட்டது, அதுதான் சட்டமாம். ஏஜெண்ட் ஆபீஸ் மேனேஜர் வந்து என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். நல்ல மனிதர், வழுக்கை, மெதுவாகப் பேசுகிறார். “அடுத்த தடவை ஒரு நாள் முன்னாடியே வந்துடுங்கம்மா. கப்பல் காத்திருக்காது” என்றார். கூட யாரும் வரவில்லையா என்று கேட்டார். கணவர் உள்ளே இருக்கிறார் என்றேன். அவர் கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அவர் ஏன் இறங்கலை?” என்றார். அவருக்கு முட்டி வலி, ஏணியில் இறங்க முடியாது என்று சொன்னேன். முட்டி வலி எனக்கு. உங்களைக் காப்பாற்ற என் வலியைத் தூக்கி உங்களுக்குக் கொடுத்தேன். அந்தப் பொய் வாயை விட்டுப் போன பிறகு எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது.

இவர்கள் ஆபீஸ் மாடியில், கப்பலைத் தவறவிட்டவர்களுக்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார்கள். அதில்தான் இருக்கிறேன். கம்பளம் ஈரமாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை. துண்டில் வேறு யாருடையதோ முடி. தலையணையைத் திருப்பிப் போட்டேன், மறுபக்கம் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக நர்ஸ் வேலை பார்த்தவள் நான். சீழும் வாந்தியும் துடைத்த கை. எனக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. இன்றைக்கு வந்தது, ஆனால் அது இந்த அறையைப் பார்த்து வந்ததில்லை.

சாயங்காலம் பாப்பா போனில் கூப்பிட்டாள். நான் தரையில் இருக்கிறேன் என்றதும் முதலில் பதறினாள், அப்புறம் சிரித்தாள். “ஏம்மா, எனக்கே நரைக்க ஆரம்பிச்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா போயிட்டா நான் அனாதையாயிடுவேன்னு அப்பா இன்னுமா பயப்படறார்? பிளேன்லதான் ஒண்ணா ஏறக்கூடாது, கப்பல்ல ஒரு வாரம் ஒண்ணா போகலாமா? கப்பல் என்ன மூழ்காதா?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் சாதாரணமாக ஒன்று கேட்டாள். “அப்பா எப்பவும் நேர் பிளேன்லதானே போவார், நீதானே மாறி மாறி வருவே?” அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் தொட்டிலில் கிடந்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் நீங்கள் ஆபீஸிலிருந்து முகம் வெளுத்து வந்தீர்கள். ஒரே விமான விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் கோப்பு உங்கள் மேஜைக்கு வந்திருந்தது. அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். நீங்கள் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே பிளேன்ல ஏறக்கூடாது” என்றீர்கள். நான் அழுதுவிட்டேன். இப்படி யோசிக்கிற ஆள் யாருக்குக் கிடைப்பான் என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்றைக்கு உங்கள் பயம் உண்மை. அதை இப்போதும் சந்தேகப்படவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை பயணம்? உங்கள் அக்கா வீட்டுக்கு, பாப்பாவின் படிப்புக்கு, அவள் பிரசவத்துக்கு. எல்லாவற்றையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் தனித்தனியாகப் போக வேண்டும் என்பதுதான் விதி. நல்லதில் யார் போவது என்று விதியில் இல்லை. ஒரு தடவையாவது மாறி வந்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீங்களே முதலில் போய்ச் சேர்ந்தீர்கள். ஒரு தடவைகூட நான் விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, அழைத்துப்போக வந்தவர்கள் நிற்கும் கம்பிக்கு அப்பால் நீங்கள் நின்றதில்லை. “ஓட்டலுக்கு வந்துடு, அட்ரஸ் அனுப்பியிருக்கேன்” என்று செய்திதான் நிற்கும்.

இனி செய்யப்போவதைச் சொல்கிறேன். நாளை மறுநாள் கப்பல் நிற்கிற பெரிய ஊரிலும் இரண்டு விமான நிலையங்கள். மேனேஜரை வரைபடத்தில் காட்டச் சொன்னேன். பெயர் பெற்றது தூரத்தில் இருக்கிறது, சின்னது துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. சின்னதுக்கு நாளை மாலை நேர் விமானம் ஒன்று. ஒரே டிக்கெட். எடுத்துவிட்டேன். கப்பலுக்கு முந்தின நாளே போய் இறங்கிவிடுவேன். இத்தனை வயதில் நானே பார்த்து எடுத்த முதல் விமானம், உங்கள் கார்டில்தான். விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் தங்குகிறேன். துண்டு சுத்தமாக இருக்கும் என்கிறார் மேனேஜர்.

நாளை மறுநாள் காலை கப்பலைக் கரையில் கட்டியதும், அந்த நிலையத்தின் வருகை வாசலில் கம்பியை ஒட்டி இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் விமானம் முந்தின நாளே வந்துவிட்டிருக்கும், தெரியும். இருந்தாலும் அங்கேதான் உட்காருவேன். அங்கிருந்து துறைமுகத்துக்குப் போகக் கார் அனுப்புகிறோம் என்று இந்த ஆபீஸில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். நீங்கள் கார் அனுப்பினாலும் ஏறமாட்டேன், அதில் நீங்கள் இருந்தால் ஏறுவேன்.

அதே நிலையத்திலிருந்து மதியம் நம் ஊருக்கு ஒரு நேர் விமானம் இருக்கிறது. அதிலும் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் காத்திருக்காதது போல் விமானமும் காத்திருக்காது, அதற்காகச் சொல்கிறேன். நீங்கள் வந்தால் அந்த டிக்கெட்டை விட்டுவிடுகிறேன், ஒருத்தருடையது வீணாகட்டும். அப்புறம் ஊர் திரும்புவதற்கு இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாகப் பார்த்துக்கொள்ளலாம். பாப்பாவை மறுபடி கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன், அவளுக்கு ஆட்சேபம் இல்லையாம்.

கீழே கூப்பிடுகிறார்கள், பையைக் கட்டப் போகிறார்களாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். தலை சுற்றினால் கப்பல் டாக்டரிடம் போங்கள், கட்டணம் பார்க்காதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும். மேல்தளத்தில் காற்றில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். கோட் என்னிடம் இருக்கிறது.

பாப்பாவின் அம்மா