பூந்துறைச் சடங்குக்கு முகமூடி மறுத்து விடுத்த ஓலை

பெருங்கொன்றை நாட்டை ஆளும் அரசி அல்லியங்கோதை, வட எல்லைக் கோட்டையின் காவலனும், மூன்று போர்களில் முகத்தில் ஒரு கீறலும் படாமல் மீண்டவனும், இப்போது அம்முகத்தைத் தன் கையாலேயே வென்றவனுமாகிய தம்பி ஆதன்வேளுக்கு விடுக்கும் ஓலை. உன் எல்லையில் மழை தவறாதிருக்க. உன் குதிரைகள் நலமாயிருக்க. உன் மூக்கின் மேல்தோல் விரைவில் திரும்பி வருக.

பூந்துறை இளவரசி நெய்தற்கொடியோடு நடக்கவிருக்கும் முகங்காண் சடங்குக்குப் பொன் முகமூடி அணிந்து செல்ல அனுமதி கேட்டிருந்தாய். மணமக்கள் பூச்சும் அணியுமின்றிப் பகல் வெளிச்சத்தில் எதிரெதிரே நிற்க, முன்பே அனுப்பிய ஓவியங்களோடு இரு நாட்டுத் தூதரும் முகங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே அச்சடங்கு. அது நடவாவிட்டால் மணம் இல்லை. மணம் இல்லையெனில், ஆற்று நீருக்காக இருபது ஆண்டுகளாக நடக்கும் சண்டைக்கு முடிவும் இல்லை. அதற்கு முகமூடியோடு போவேன் என்று எழுத உன்னால்தான் முடியும்.

அவை கலைந்தபின் மாலைதோறும் மருத்துவசாலையில் நான் கடைசி வரிசை மாணவியாக அமர்வதை நீ கேலி செய்வாய். பழந்தோலை மெல்ல நீக்கி முகத்தைப் பொலிவாக்கும், யவனர் ரெட்டினால் என்றழைக்கும் மஞ்சட்களிம்பைப் பற்றி அங்குதான் கற்றேன். ஆசிரியரையும் முழுதாக நம்பாமல், என்னையும் நம்பாமல், மூன்று மாதம் என் முகத்திலேயே பூசி நாளேட்டில் குறித்த பின்னரே உனக்கு ஒரு குப்பி அனுப்பினேன். வாரத்துக்கு இரண்டு இரவு, கழுவிய முகம் நன்கு உலர்ந்தபின், முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு பூசி, மேலே சிறிது நெய் தடவ வேண்டும். பகலில் குடையின்றி வெயிலில் இறங்கலாகாது என்று எழுதிக் குப்பியின் கழுத்தில் கட்டினேன். தெளிவாக எழுதவில்லையோ என்று என் படியை நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். பட்டாணி என்றுதான் இருக்கிறது.

பட்டாணி அளவு மூன்று மாதத்தில் செய்வதை ஒரு கையளவு மூன்று நாளில் செய்யும் என்று நீ கணக்கிட்டதாக உன் கோட்டை மருத்துவர் எழுதியிருக்கிறார். நான்காம் நாள் முழுவதும் வெயிலில் குதிரையேறினாயாம். ஐந்தாம் நாள் உன் வாயிற்காவலரே யாரென்று கேட்டு உன்னை நிறுத்தினராம். நான் சிரிக்காதிருக்க முயன்றேன். அமைச்சர் முயலவேயில்லை.

ஆனால் பூந்துறையிலிருந்து வந்த செய்தி எங்கள் சிரிப்பை நிறுத்தியது. களிம்பில் பாதியை வேறு குப்பிக்கு மாற்றி இளவரசிக்குப் பரிசாக அனுப்பியிருக்கிறாய். குறிப்போலை அழகைக் கெடுக்கும் என்று அதற்குப் பதிலாக முத்துச்சரம் கட்டியிருக்கிறாய். அவர் அதைக் காலைதோறும் பூசிக்கொண்டு படகுப் பந்தயத்துக்குப் போயிருக்கிறார். இப்போது அவர் முகமும் உரிகிறது.

அவர் தூதர் வழியே சொல்லியனுப்பியது இது: தன் முகம் மட்டும் உரிந்திருந்தால் அது பகைவர் அனுப்பிய பரிசு, அனுப்பியவர் முகமும் உரிந்திருந்தால் அது அறியாதவர் அனுப்பிய பரிசு, பகைவரை மணக்க இயலாது, அறியாதவரோடு பழகிக்கொள்ளலாம்.

நானும் முதல் வாரத்தில் அளவு மீறினேன். ஐந்து நாள் திரைக்குப் பின் அமர்ந்து அவை நடத்திவிட்டு, நோன்பு என்று சொன்னேன். எவருக்கும் காட்டாத அவ்வார நாளேட்டுப் பக்கங்களைப் படியெடுத்து இளவரசிக்கு அனுப்பியிருக்கிறேன். மீதிச் சான்று உன் முகத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, களிம்பை இன்றே நிறுத்துக. நெய் மட்டும் தடவுக. சடங்குக்கு ஐந்து நாளே உள்ளது, அதற்குள் குணமாகாது. ஒரு மருத்துவ மாணவி இப்படி எழுதலாகாது, ஆயினும் குணமாகாதிருக்கட்டும். வழியெல்லாம் குடை பிடித்துச் சென்று, அவர் எதிரே மட்டும் குடையை மடக்கி, உரிந்த முகத்தோடு நிமிர்ந்து நிற்பாயாக. ஓவியத்தை மறந்து அவர் உன்னைப் பார்க்கட்டும்.

இது அரசாணை. கொன்றைப்பூ முத்திரை என் கையால் இடப்பட்டது. முத்திரை அரக்கும் மஞ்சளாகவே இருப்பதால் தனியே எழுதுகிறேன்: அதையும் முகத்தில் பூச வேண்டாம்.