எதிர்மாடி விசிறி

17-4-2004, சனி

அச்சுதன் ஐந்து மணிக்கு வந்தான். சதுரங்கத்தில் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றான். காலையில் என்ன சாப்பிட்டான் என்பது அவனுக்கு நினைவில்லை. என் குதிரை எங்கே வரும் என்பது மட்டும் என்னைவிட முன்பே அவனுக்குத் தெரிகிறது. இந்த மறதி ஆளை எந்தப் பக்கத்திலிருந்து தின்கிறதென்று விளங்கவில்லை.

அச்சுதன் என் தம்பி; மனைவி போனபின் இதே பூனாவில், சாங்வியில் மகன் வீட்டோடு இருக்கிறான். சனிதோறும் ஹடப்சர் செல்லும் பேருந்தில் தனியாக ஏறி, கேம்ப் பகுதியில் எங்கள் வாசலில் இறங்குகிறான். மருமகள் சஹானாவுக்கு இது பிடிக்கவில்லை. தொலைந்துவிடுவார் என்கிறாள். அவனுக்கு மீந்திருக்கும் சுதந்திரம் இந்த ஒரு பயணம்தான். அதை நான் விடுவதாக இல்லை.

என் மனைவி ருக்மிணி இன்று அவனிடம் கேட்டாள்: "இந்த ஊர் போர்டு எதுவும் படிக்கத் தெரியாதே உனக்கு. எங்கே இறங்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கறே அச்சு?"

"அதுல என்ன மன்னி? விசிறி தெரிஞ்சா எழுந்துக்கணும். அவ்வளவுதான்."

எதிர்மாடியிலுள்ள மயூரா மின்விசிறி விளம்பரத்தைச் சொல்கிறான். ஒரு காலத்தில் மூன்று பச்சை இறக்கைகளும் மாறி மாறி எரிந்து, சுற்றுவதுபோலத் தோன்றும். கம்பெனியும் இல்லை, விளக்கும் இல்லை. துருப்பிடித்த சட்டம் மட்டும் நிற்கிறது. ஆயினும் வெகு தூரத்திலிருந்தே தெரியும். அது 1971 தீபாவளிக்கு ஏறியது என்று ருக்மிணி சாதிக்கிறாள். தவறு. 26-1-1972, புதன்கிழமை.

22-4-2004, வியாழன்

எதிர்மாடியில் மூங்கில் சாரம் கட்டுகிறார்கள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்துல் காதரை விசாரித்தேன். ஆம்பூர்க்காரர், இத்தெருவில் என்னோடு தமிழ் பேசும் ஒரே மனிதர்.

"பில்டிங் கைமாறிடுச்சு சார். மேல செல்போன் டவர் வருதாம். விசிறியை எடைக்குப் போட்டுடறாங்க."

அது போவதில் எனக்குத் துக்கமொன்றும் இல்லை. அழகென்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அச்சுதன்?

24-4-2004, சனி

ஓர் இறக்கையைக் கழற்றிவிட்டார்கள். அச்சுதன் சரியாகவே இறங்கினான். "என்னண்ணா, விசிறிக்குப் பல் விழுந்துடுத்தா?" என்று சிரித்தான். அடுத்த வாரம் அது இருக்காது என்பதை விளக்கிச் சொன்னேன். தலையாட்டினான். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அதே கேள்வியை அதே சிரிப்போடு கேட்டான். நானும் மறுபடி விளக்கினேன். களைப்பாக இருந்தது.

27-4-2004, செவ்வாய்

கட்டிடத்தின் புதிய உரிமையாளரைச் சென்று கண்டேன். நாற்பது வயதுகூட இராது. சட்டத்தையாவது விட்டுவைக்கலாகாதா என்றேன். மரியாதையாகத் தேநீர் வரவழைத்தார். "அங்கிள், ஊரில் வேறு அடையாளமே இல்லையா?" என்று இந்தியில் கேட்டார்.

ஒருவனுக்கு இல்லை. அதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

29-4-2004, வியாழன்

இறக்கிவிட்டார்கள். தரையில் கிடத்தியபோது அது எங்கள் கூடத்தைவிடப் பெரியதாக இருந்தது. டெம்போவில் அடங்காமல் துண்டு துண்டாக அறுத்தார்கள். மாலை வெயில் இப்போது நேராக முகத்தில் விழுகிறது. திரைச்சீலை வாங்க வேண்டும்.

30-4-2004, வெள்ளி

சாங்விக்குப் போய்வந்தேன். சஹானா வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"பெரியப்பா, நாளைலேருந்து வேண்டாமே, ப்ளீஸ். அப்பாக்கு நேத்து நம்ம பில்டிங் கேட்டே தெரியல."

"நான் ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்றேன்.

தடித்த அட்டையில் கறுப்பு மையால் நானே எழுதியது. அவன் பெயர், 'அண்ணன் அனந்தராமன்' என்று என் பெயர், முகவரி, தொலைபேசி எண், இறக்கிவிடுமாறு ஒரு வேண்டுகோள். வழி தெரியாவிட்டால் நடத்துநரிடம் காட்டு என்று சொல்லி அவன் சட்டைப்பையில் வைத்தேன். சஹானா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. "அழகா இருக்கு பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள்.

1-5-2004, சனி

நானே நிறுத்தத்தில் போய் நின்றேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்ததும் இறங்கினான். இறங்கிய உடனே கோபம்.

"எதுக்கு இங்க வந்து நிக்கறே? நான் என்ன ஸ்கூல் விட்டு வர கொழந்தையா? இன்னொரு தடவை நின்னா வர மாட்டேன், சொல்லிட்டேன்."

நியாயம்தான். இனி நிற்கப்போவதில்லை.

8-5-2004, சனி

ஐந்தரை. அச்சுதன் வரவில்லை.

சாங்விக்குத் தொலைபேசி செய்தேன். நான்கு மணிக்கு முன்பே ஏறிவிட்டானாம். சஹானா அதையே இரண்டு தரம் சொன்னாள்.

ஆறேகால். நிறுத்தத்துக்கு மூன்று முறை போய்வந்தேன். ஏன் முதலிலேயே போய் நிற்கவில்லை? அவன் வேண்டாமென்றானாம். சொன்னா என்ன? அவன் சொன்னது அவனுக்கே ஞாபகம் இருந்திருக்காதே, அனந்தராமா!

ஏழு. எங்கேடா போனே?

9-5-2004, ஞாயிறு

நேற்று எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. ஹடப்சரிலிருந்து ஜான்சி என்று ஒரு பெண். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாம். பணி முடிந்து பேருந்து நிலையத்துக்கு வந்தவளிடம் யாரோ அந்த அட்டையை நீட்டியிருக்கிறார்கள்.

"ஐயா, உங்க தம்பி பத்திரமா இருக்காரு, பயப்படாதீங்க. ஆனா பூனாவுல தமிழ்ல எழுதிக் குடுத்தா யாருங்கய்யா படிப்பா? கண்டக்டரு, டீக்கடைக்காரரு, போலீஸு, எல்லாரும் ஆளாளுக்கு வெச்சுப் பாத்துட்டு, இது கன்னடமா மலையாளமான்னு பந்தயமே கட்டிட்டாங்க. போன் நம்பராச்சும் நம்பராப் போட்டிருக்கக் கூடாதா?"

இலக்கங்களை நம்பக் கூடாது. ஒன்று ஏழாகும், மூன்று எட்டாகும். முப்பத்தாறு வருடம் வங்கியில் காசோலை பார்த்தவன் நான். ஆகவே எண் முழுவதையும் 'இரண்டு ஆறு' என்று எழுத்தால் எழுதியிருந்தேன். தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் படித்து எண்களைச் சுழற்றியிருக்கிறாள். அதுவரை என் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அட்டை மட்டும் கை கையாகச் சுற்றியிருக்கிறது.

ஆட்டோவில் போய் அழைத்துவந்தேன். அவனிடம் பதற்றமே இல்லை. யாரோ வாங்கிக்கொடுத்த வடாபாவ் ரொட்டியைக் காகிதத்தோடு மடியில் வைத்திருந்தான்.

"ஏண்டா இறங்கலே?"

"விசிறி வரலையே, அண்ணா. வரும் வரும்னு பாத்துண்டே உக்காந்திருந்தேன்."

10-5-2004, திங்கள்

சஹானா நேரில் வந்தாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே தனியா அனுப்ப மாட்டேன் பெரியப்பா" என்றாள். சரி என்றேன்.

15-5-2004, சனி

எவரும் வரவில்லை.

22-5-2004, சனி

டவர் ஏறிவிட்டது. உச்சியில் சிவப்பு விளக்கு. ருக்மிணிக்கு அது பிடித்திருக்கிறதாம்.

"ஏன்னா, இப்படி ஜன்னலையே மொறைச்சுண்டு உக்காந்திருக்கறதுக்கு நீங்க அங்க போய்ட்டு வந்தா என்ன? பஸ் அந்தப் பக்கமும்தானே போறது?"

வெயில், நெரிசல், மூட்டுவலி என்றேன். "அவனுக்கும் மூட்டு இருந்ததே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

5-6-2004, சனி

சாங்விக்குச் சென்றேன். முக்கால் வழி நின்றுகொண்டே. அச்சுதன் கதவைத் திறந்து, "வாங்கோ, உக்காருங்கோ" என்றான், வேற்று மனிதரிடம் சொல்வதுபோல. எழுபது வருடத்தில் முதன்முறையாக 'வாங்கோ'. சதுரங்கப் பலகையை விரித்ததும் "என்னண்ணா, கறுப்பா வெள்ளையா?" என்றான். மூன்று ஆட்டமும் அவனுக்கே.

12-6-2004, சனி

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு ஆட்டத்தோடு கிளம்பினேன். அச்சுதன் குடையை எடுத்துக்கொண்டு, தெருமுனை வரை வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். சஹானா பின்னாலேயே வந்தாள்.

பேருந்து வந்ததும் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பிறகு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நடத்துநரிடம் தன் தொழிற்சாலைக் காலத்து மராத்தியில் உரக்கச் சொன்னான்: இவர் என் அண்ணன், வயதாகிவிட்டது, மறதி அதிகம், கேம்பில் மறக்காமல் இறக்கிவிடு. பேருந்து முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சஹானா குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஜாக்கிரதையாப் போ அண்ணா" என்றான்.

நடத்துநர் எனக்கு முன்னிருக்கையில் இடம் வாங்கிக்கொடுத்தார். மறுக்கவில்லை. கேம்ப் நெருங்குவது எனக்குத் தெரிந்தது. தேவாலயம், பேக்கரி, அப்துல் காதரின் கடை எல்லாம் வரிசையாக வந்தன. வழக்கமாக இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து கதவருகே நின்றுவிடுபவன் நான். இன்று எழவில்லை. பேருந்து நின்று, நடத்துநர் என் தோளைத் தொட்டு, "ஆஜோபா, கேம்ப் ஆலா, உதரா" (தாத்தா, கேம்ப் வந்துவிட்டது, இறங்குங்கள்) என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.