உன் பெயரில் ஒரு நட்சத்திரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. வாரா வாரம் வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு, விடும்மா இதெல்லாம் ஒரு விஷயமா என்று முடித்துவிடுவாய். அப்படி முடித்துவிடக் கூடாது என்றுதான் பேப்பரை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், எழுதி ரொம்ப நாளாகிறது, மனசும் சரியில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் தினம் நடக்கச் சொன்னதை இவர் நாளைக்கு நடக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நாளைக்கு நாளைக்கு என்று உட்கார்ந்திருக்கிறார். சமையலறைக் குழாய் சொட்டுவதை நானே சரி பண்ணுகிறேன் என்று ஸ்பானரை எடுத்தார், சொட்டிக்கொண்டிருந்தது பீச்சியடித்தது, கடைசியில் பிளம்பர் வந்துதான் எங்களைக் கரையேற்றினார். என் பிஸ்கட் வியாபாரம் நீ ஆரம்பித்து வைத்தபடி நடக்கிறது. நீ விட்டுப்போன பழைய போன்தான் எனக்குக் கடை, விளம்பரப் பலகை எல்லாம். மேப்பில் நம் வீட்டைப் போட்டு நீ பெயர் வைத்தபோது இந்தச் சந்துக்குள் யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்டேன், இப்போது பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

உன் மாடி அத்தையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வேலைக்குப் போன காலமெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நீ அவள் வீட்டில்தான் கிடப்பாய், உனக்கு வாலு என்று பேர் வைத்தவளும் அவள்தான். தையல் கம்பெனியை மூடிய பிறகு அவள் கேக் செய்து விற்க ஆரம்பித்தாள் இல்லையா, கைப்பக்குவம் பிரமாதம், ஆனால் வியாபாரம் தெருமுனையைத் தாண்டவில்லை. ஒரு நாள் வந்து, அக்கா, வாலு உங்களுக்குச் செஞ்சு குடுத்த மாதிரி எனக்கும் போன்ல போட்டுக் குடுங்களேன் என்றாள். நானும் பெரிய மனசு பண்ணிச் சொல்லிக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடு, பின்னால் காயப்போட்ட துணி தெரியக் கூடாது, யாராவது கேட்டால் உடனே பதில் போடு, நாளைக்கு முடியாதென்றால் முடியாதென்று சொல்லிவிடு என்று நீ எனக்குச் சொன்னதையெல்லாம் என் சொந்தச் சரக்கு மாதிரி அவளிடம் அளந்தேன். அவளும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கேட்டுக்கொண்டதோடு விட்டாளா, என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கத்தி கேக்குக்குள் இறங்குவதைச் சின்ன வீடியோவாகப் போடுகிறாள், பார்க்கிறவர்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. பல் டாக்டர் வீட்டம்மா நம் வாசலில் வந்து நின்றாள், வழக்கமாக என்னிடம் வாங்குகிறவள் ஆயிற்றே என்று நான் பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறேன், கேக் வீட்டுக்குப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். அன்று மத்தியானம் அப்பா தூங்கும்போது போனை எடுத்து மேப்பில் அவள் கடையைத் திறந்து ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தினேன். அதோடு நின்றேனா, கேக் காய்ந்து கட்டையாக இருந்தது, படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று எழுதியும் வைத்தேன். ஊரில் யாரோ எழுதியதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மனசு குளுகுளுவென்றுகூட இருந்தது.

மறுநாள் காலையில் அவள் போனும் கையுமாக இறங்கி வந்தாள். சண்டைக்கு வரவில்லை, முகம் சுண்டிப்போய் இருந்தது. திரையைக் காட்டினாள். நான் எழுதியதற்கு மேலே உன் பெயர், பக்கத்தில் பட்டமளிப்பு கவுனில் நீ சிரித்துக்கொண்டிருக்கும் படம். அந்தப் போன் உன் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும். அக்கா, வாலுவுக்கு என் மேல என்ன கோபம், ஊருக்குக் கிளம்பும்போது குடுத்தனுப்புனேனே அந்தக் கேக்கா என்று கேட்டாள். அப்போதாவது வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா. அவனுக்கு அங்க வேலை நெருக்கடி, ஏதோ எரிச்சல்ல எழுதியிருப்பான், மனசுல வச்சுக்காத என்றேன். பெற்ற பிள்ளையை மாட்டிவிட்டு நான் நழுவிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் வைப்பதற்குள் விமான நிலையத்திலேயே தின்று தீர்த்துவிட்டேன் என்று அந்தக் கேக்கைப் பற்றி நீ போனில் சொன்னது அப்போதும் என் காதில் இருந்தது.

அவளைப் பற்றி எழுதியவர்களே கொஞ்சம் பேர்தான், எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள், அதனால் இந்த ஒன்று உடனே கண்ணில் குத்துகிறது. பக்கத்து அலுவலகத்தில் ஊழியர்களின் பிறந்தநாளுக்கெல்லாம் இவளிடமே கேக் வாங்குவதாகப் பேச்சு, அதை நம்பிப் பெரிய அடுப்பு ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். இப்போது அந்த அலுவலகத்து அம்மா பார்த்துட்டுச் சொல்றோம் என்று சொன்னதோடு சரி, பேச்சு மூச்சில்லை. அடுப்பு போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அவளுக்கும் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டது, வெண்ணெயைக் கூட்டுகிறாள், சூட்டைக் குறைக்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை என்னிடம் கொண்டுவந்து, காய்ஞ்சிருக்கா பாருங்கக்கா என்கிறாள். நல்லா இருக்கு என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

போன வாரம் நீ எழுதியதாக அவள் நம்பும் அந்த வரிகளுக்குக் கீழே ஒரு பதில் போட்டிருக்கிறாள். தம்பி, தப்பு என் பக்கம்தான், அடுத்த தடவை நல்லா செஞ்சு தரேன், உடம்பைப் பார்த்துக்கோ, அத்தை. அப்பாதான் சாப்பிடும்போது இதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார், படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றே அதை அழித்துவிடலாம் என்று எங்கெங்கோ தட்டினேன், உன் நம்பருக்கு ஏதோ எண் வரும், அதைப் போடு என்று கேட்டது, பயந்துபோய் போனையே அணைத்துவிட்டேன். அப்புறம் உன்னிடம் சொல்லிக் காதும் காதும் வைத்த மாதிரி அழிக்கச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். நட்சத்திரம் போய்விடும், ஆனால் வாலு இப்படி எழுதினானே என்று அவள் மனசில் இருப்பதை யார் அழிப்பது.

இன்று காலை அவள் ஒரு பெட்டியோடு வந்தாள். வாரக்கணக்கில் கெடாத பழக்கேக், மெழுகுத்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. வாலுவுக்கு அனுப்பிடுங்கக்கா, இது காயாது என்றாள். இந்தக் கடிதத்தையும் அந்தப் பெட்டிக்குள்தான் வைக்கப்போகிறேன். தபால் ஆபீஸ் மூடிவிடுவான் என்று அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், அவர் நடக்கத் தயாராக நிற்பதே அபூர்வம். டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பேனாவை வைத்துவிட்டு மாடிக்குப் போகிறேன், மீதியை வந்து எழுதுகிறேன்.

போய்விட்டு வந்தேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமையை, உன் மேல் பழி போட்டதை, எதையும் மிச்சம் வைக்கவில்லை. சல்லடை காலியாகும்வரை அவள் நிமிரவே இல்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான், அப்ப அந்தக் கேக் அவனுக்குப் பிடிச்சிருந்துதா. விமான நிலையத்தில் நீ தின்று தீர்த்த கதையைச் சொன்னேன். மாவுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம், சரி, நீங்க போங்க என்றாள், அக்கா என்று சொல்லவில்லை. எப்போதும் படிக்கட்டுவரை வந்து வழியனுப்புகிறவள், இன்று வரவில்லை. எனக்கு இது வேண்டியதுதான்.

நீ இங்கிருந்து எதையும் அழித்துவிடாதே கண்ணா. எப்படி அழிப்பது என்று எனக்கு வீடியோவில் காட்டு, அவள் கதவைத் திறக்கிற நாளில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து நானே அழிக்கிறேன். அந்த அலுவலகத்து அம்மாவிடமும் எழுதியது நான்தான் என்று நானே போய்ச் சொல்லப்போகிறேன், மானம் போனால் போகட்டும். உன் பெயரைக் கெடுத்ததற்கு நீ அம்மாவை மன்னிக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே, மருமகளிடம் கோபமாகப் பேசாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். கேக் வந்ததும் தின்று பார்த்து, உன் கையால் உன் பெயரில் அவளுக்கு எழுது. ஒருவேளை வழியில் நிஜமாகவே காய்ந்து போயிருந்தால் காய்ந்திருந்தது என்றே எழுது, இந்த வீட்டிலிருந்து அவளுக்குப் போன பொய் போதும்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
அம்மா