மூன்றாம் தண்ணீர்

அன்புள்ள அத்தை,

இன்று காலை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை இறங்கி, முதல் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்த அண்டாவிலிருந்து வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாசனை சுவர் தாண்டி வந்தது. சித்தி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சன்னலோரமாகவே நின்றேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கொரோனா முதலில் சித்தப்பாவுக்குத்தான் வந்தது. நம் பெரம்பலூர் வீட்டிலேயே கிடந்து பிழைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து, அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை முடிந்து வந்த நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே படியேறினீர்கள். மறுநாள் அப்பா உங்களைத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றிப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். சித்தப்பாவுக்கும் உங்கள் ரத்த வகைதான். "இன்னைக்கே கெளம்பி வா. சீக்கிரம் ஏத்துனாத்தான் பிரயோசனமாம்" என்று அப்பா போனில் சொன்னார்.

சித்தப்பா சட்டையை மாட்டினார். சித்தி வாசலை மறித்து நின்றார். கொரோனாவும் அம்மை போலத்தான் என்பது அவர் எண்ணம். சித்தப்பாவின் இருமல் நிற்கட்டும் என்று தள்ளிப்போட்டு, முந்தைய நாள்தான் முதல் தண்ணீர் ஊற்றியிருந்தார்.

"மூணு தண்ணி ஊத்தாம படி தாண்டக் கூடாதுங்க."

"இது அம்மை இல்ல சித்தி," என்றேன்.

"நீ சும்மா இருடி. இந்த மனுசன் செத்துப் பொழைச்சத பக்கத்துல இருந்து பாத்தவ நானு. பாதியில வெளிய போயி நோவு திரும்ப வந்துட்டா?"

சித்தப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அன்று மாலை நீங்களே போன் செய்தீர்கள். "என்னடி, உன் சித்தப்பன் குளிச்சு முடிச்சானா? பொண்ணு பாக்கவா போறான், இவ்ளோ அலங்காரம்?" சிரிக்கப் போய் இருமல் வந்தது. அது அடங்கியதும் மெதுவாக, "அவள யாரும் திட்டாதீங்க. பயந்து போயிருக்கா" என்றீர்கள். அதன்பின் நீங்கள் என்னிடம் பேசவில்லை.

ஒருமுறை ஆலையின் சோதனைக்கூடத்தை எனக்குக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, குழைத்த சிமெண்டின் மேல் ஊசியை விட்டு விட்டு எடுத்தீர்கள். முதலில் அடிவரை இறங்கியது, பிறகு பாதியில் நின்றது, கடைசியில் மேலே ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. "இறுகுன பெறவு கொடம் கொடமா தண்ணி ஊத்துனாலும் ஒண்ணும் ஆவாது" என்றீர்கள். வேலையைப் பற்றித்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் இப்போது அது வேறு மாதிரி கேட்கிறது.

மூன்று நாள் கழித்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் ஈரத் தலையோடு சித்தப்பா காரில் ஏறினார். பாடாலூர் தாண்டும்போது, உங்களைச் செயற்கை சுவாசத்தில் வைத்துவிட்டதாக அப்பாவின் போன் வந்தது. பிளாஸ்மா பையைப் படம் பிடித்து சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார். சிவப்பாக இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மஞ்சளாக இருந்தது. அண்டாவின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரும் அதே நிறம். சித்தி படத்தையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்குறீங்கன்னு ஏத்துறேன். ஆரம்பத்துலயே குடுத்திருக்கணும். இப்ப நுரையீரலே கெட்டுப் போச்சு" என்றாராம் டாக்டர். நீங்கள் திரும்பி வரவில்லை.

இப்போது நான் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். உடம்பு தானே எதிர்ப்பொருளை உண்டாக்கும் முன் கொடுத்தால் சிலருக்கு உதவியிருக்கலாம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெரும்பாலோருக்குப் பெரிய பயன் தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள். உங்களைப் பற்றி எதிலும் இல்லை.

இன்று மதியம் சித்தி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "நீ படிக்கிறவதான, சொல்லு. அன்னைக்கே அனுப்பியிருந்தா அண்ணி இருந்திருப்பாங்களா?"

"தெரியல சித்தி. டாக்டருங்களுக்கே உறுதியாத் தெரியல."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், இத்தனை வருடம் எனக்குள்ளேயே வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். "உங்கள யாரும் திட்டக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க."

"எப்ப?"

"கடைசியாப் பேசுனப்ப. போன்ல."

"அப்ப நான்தான் தடுத்தேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் சித்தி.

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன், அத்தை. நீங்களும் அப்படித்தானே சொன்னீர்கள்? நாளை மறுநாள் அந்தக் குழந்தைக்கு இரண்டாம் தண்ணீர். வாசனை வரும் முன் எழுந்து சன்னலைச் சாத்திவிட வேண்டும்.